மெத்தைக்கடை மாடியில் சொன்ன பொய்கள்

"பொய்யாம்ல, பொய்யி! பொய் சொல்லக் கத்துக்குடுக்கவா போர்டு மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க?"

"அம்மா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. கீழ கடையில கேக்குது."

"கேக்கட்டும்! அறந்தாங்கி பூராவும் கேக்கட்டும்! தோஹாவுல இருக்குற எம் மகனே கேட்டுட்டான். இனிமே கீழ கடைக்காரன் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?"

கத்தியவர் ராசாத்தி. மாடிப்படி ஏறி வந்த இரைப்பு அடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டதால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் ஒரு மூச்சு வாங்கினார். பதில் சொன்னவர் ஷர்லி மிஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில், இலவம்பஞ்சு மெத்தைக்கடைக்கு மேல் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துபவர். இருவருக்கும் நடுவில், யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றவர் பொற்கொடி. அவருடைய மகள் இளமதிக்கும் ராசாத்தியின் மகன் ரகுநாத்துக்கும்தான் வைகாசியில் நிச்சயம் முடிந்திருந்தது. தையில் கல்யாணம். மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது.

இவ்வளவு சத்தத்துக்கும் காரணமான இளமதி என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக உள்ளே வந்த ஒரு பஞ்சுத் துணுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கீழே இறங்கவும் இல்லை, மேலே போகவும் இல்லை. சாயங்கால வெயிலில் தன் வீட்டுக்கு வழி மறந்துவிட்ட மாதிரி நின்றது. கல்யாணமே கவிழப் போகிற நேரத்தில் பஞ்சைப் பார்க்கிற பெண்ணை என்ன சொல்வது? ஆனால் அவள் எப்போதுமே அப்படித்தான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று அவளோடு படித்தவர்கள் சொல்வார்கள்.

விஷயத்தை முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

தோஹாவில் ரகுநாத் ஒரு குடோனில் சூப்பர்வைசர். அங்கே அவனுடைய நண்பர்களின் மனைவிமார் இங்கிலீஷில் பிளந்துகட்டுகிறார்களாம். வரப்போகிற மனைவியும் அதற்குத் தயாராக வரட்டுமே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். ராசாத்தி அதை உத்தரவாக்கி, நிச்சயம் முடிந்த மறுவாரமே இளமதியை ஷர்லி மிஸ்ஸிடம் கொண்டுபோய் விட்டார். துணைக்குத் தன் அண்ணன் மகள் பிரகதீஸ்வரியையும் சேர்த்துவிட்டார். துணைக்கு என்று சொன்னார். வேவுக்கு என்று தெருவில் சொன்னார்கள். தெருவுக்கு வேறு வேலை என்ன?

ஷர்லி மிஸ் ஒரு தினுசான ஆள். அவருக்குப் பிடித்த பாடம் ஒன்றே ஒன்று. ஆஃப், இன், வித்தவுட், ஆஃப்டர், பிஃபோர் என்று குட்டிக் குட்டியாகச் சில சொற்கள் உண்டல்லவா, அவை முன்னால் வந்து நின்றால் பின்னால் வருகிற வினை 'இங்' போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். வித்தவுட் ஈட் என்று சொல்லக்கூடாது, வித்தவுட் ஈட்டிங்.

"மாப்பிள்ளைத் தோழன் முன்னாடி வந்துட்டான்னு வைங்க. பின்னாடி வர்ற மாப்பிள்ளை தலப்பா இல்லாம வரலாமா? அந்த இங் இருக்கே, அதுதான் தலப்பா" என்பார்.

இதை வைத்துத் தினமும் ஆளுக்கொரு வாக்கியம் எழுந்து நின்று சொல்லவேண்டும். அதில்தான் அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். சொல்வது உண்மையாக இருக்கக்கூடாது.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. குழந்தைசாமி என்று ஒருவர் வகுப்பில் படித்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மெல்போர்னில் இருக்கும் மகளோடு போய்த் தங்குவதற்காகப் படித்தார். முதல் நாள் அவரைத் தன் மனைவியைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார் மிஸ். "ஆஃப்டர் மை ஒய்ஃப்..." என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் போக முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மனைவி தவறிப்போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பது மிஸ்ஸுக்குத் தெரியாது. மறுநாளே சட்டம் வந்துவிட்டது.

"உண்மையச் சொல்ல வந்தா நாக்கு யோசிக்கும், தெணறும். பொய்யச் சொல்லுங்க. கிராமர் நேரா வந்து நிக்கும்."

வந்து நின்றது. அடுத்த நாள் குழந்தைசாமி, யானையைச் சமைப்பதில் தமக்குள்ள ஆர்வத்தைப் பற்றித் தட்டுத் தடுமாறாமல் சொன்னார். வகுப்பே சிரித்து, "சுத்தப் பொய்!" என்று ஒரே குரலில் கத்தியது. அன்றிலிருந்து அதுவே கைதட்டல். வாக்கியம் சரியாக வந்தால் எல்லோரும் சேர்ந்து "சுத்தப் பொய்!" என்பார்கள். இலக்கணம் தவறினால் மௌனம். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் கீழே பஞ்சு அடைக்கிறவர்கள் மாடியில் மணி ஆறு என்று தெரிந்துகொள்வார்கள்.

இளமதிக்கு அந்தச் சட்டம் வாய்த்தது, தவித்த வாய்க்கு மோர் கிடைத்தது போல.

வீட்டில் அவள் சொல்வதெல்லாம் உண்மை. மோட்டார் போட்டாச்சு. கேஸ் வந்துடுச்சு. தோஹாவிலிருந்து போன் வந்தாலும் உண்மைதான்.

"சாப்டியா?"

"சாப்டேங்க. நீங்க?"

"சாப்டேன். அங்க மழையா?"

"இல்லங்க. அங்கிட்டு?"

"இங்க எங்க மழை?"

ஒருநாள்கூட அவன் கடிந்து பேசியதில்லை. நல்ல பையன். அவன் சாப்பிட்டானா என்பதில் அவளுக்கும் உண்மையாகவே அக்கறை உண்டு. அதற்கு மேல் என்ன என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. போனை வைத்ததும் அந்த உரையாடல் துவைத்து மடித்த துணி போலத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கலைந்து கிடப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

மாடியில் அப்படியில்லை. எழுந்து நின்ற முதல் நாள் அவள் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? குளத்துக்குள் குடியிருந்து குடியிருந்து தனக்குச் சலித்துவிட்டது என்று வந்தது. டயர்ட் ஆஃப் லிவிங் இன் எ பாண்ட். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"சுத்தப் பொய்!" என்றது வகுப்பு.

அடுத்த முறை எழிலரசனுடையது. வயல்களில் சோலார் பம்பு மாட்டும் கம்பெனியில் வேலை. கோயம்புத்தூர் ஆபீசுக்குப் போனில் இங்கிலீஷில் பதில் சொல்லியாகவேண்டிய கட்டாயத்தில் வந்து சேர்ந்தவன். வெயிலில் கறுத்து, சட்டைக் காலருக்குள் மட்டும் வேறு நிறத்தில் இருப்பான். அவன் எழுந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அந்தக் குளத்தைச் சித்தன்னவாசல் கூரைக்கு மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டான். சாரி ஃபார் மூவிங் இட்.

சித்தன்னவாசலுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போகாத பிள்ளை இந்த மாவட்டத்தில் கிடையாது. குகைக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு தாமரைக் குளம் ஓவியமாக எழுதியிருக்கும். தாமரை, மீன், அன்னம், யானை எல்லாம் தலைக்கு மேலே. இளமதி அங்கே கழுத்து வலிக்க நின்றுவிட்டு, கிளம்பிய பஸ்ஸை நிறுத்தி ஏறியவள். அவன் அதைச் சொன்னதும் அவளுக்குத் தன் தலைக்கு மேல் தண்ணீர் அசைந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் குளம் காலியாகவே இல்லை. நனையாமல் உள்ளே போக ஒரு வழி இருப்பதாக இவள் சொன்னாள். அதுதான் தன் வீடு, கதவைத் திறக்காமலே வரலாம் என்று அவன் சொன்னான். யானை தூங்காமல் தாமரைத் தண்டை உடைத்துக்கொண்டே இருப்பதாக இவள் குறைப்பட்டாள். யானையைத் திட்டுவதற்கு முன்னால் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அவன் எழுந்து நின்று வருத்தப்பட்டான். ஒரு வாரம் அவன் வேலையாகக் கீரமங்கலம் பக்கம் போய்விட்டு வந்தபோது, சொல்லாமல் போனதற்காக அன்னங்கள் கோபமாக இருப்பதாக இவள் அறிவித்தாள். வித்தவுட் டெல்லிங். வகுப்பு இரண்டு தரம் "சுத்தப் பொய்!" என்றது. குழந்தைசாமி மூன்றாவது தரமும் சொன்னார்.

ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் அவன் சுவரோடு ஒட்டி வழி விடுவான். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு இறங்கிவிடுவாள். வகுப்பில் யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு என்ன இருக்கிறது? எல்லாம் இலக்கணம்தானே!

பிரகதீஸ்வரிக்குத் தோன்றியது. அந்தப் பெண் வகுப்பில் அதிகம் பேசாது. மூன்றாவது பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ரகுநாத்துக்கு அது முறைப்பெண் என்பதையும், ஒரு காலத்தில் அதைத்தான் கட்டுவான் என்று பேச்சு இருந்து, ஜாதகம் என்னவோ இடித்து நின்றுபோனது என்பதையும் இங்கே சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. அன்றைக்கு வாக்கியத்தைக் குரலாகப் பதிந்து வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போடவேண்டும். அந்த ஞாயிறு இளமதி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே போட்டது இது: "ஆஃப்டர் லீவிங் யுவர் ஹவுஸ், ஐ கான்ட் ஸ்டாப் திங்கிங் ஆஃப் கமிங் பேக்." உன் வீட்டை விட்டு வந்ததிலிருந்து திரும்பி வருவதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னணியில் ஒரு காக்கை வேறு. எழிலரசனுடைய பதில் அடுத்த நிமிஷமே விழுந்தது: "யூ கேன் கம் வித்தவுட் நாக்கிங்." தட்டாமலே வரலாம்.

பிரகதீஸ்வரி இரண்டையும் அப்படியே தோஹாவுக்குத் தட்டிவிட்டது. "மாமா, இதுக்கு என்ன அர்த்தம்? எனக்குப் புரியல" என்று ஒரு வரியும் சேர்த்து. பாவம், அதற்குப் புரியவில்லையாம்.

அந்த அர்த்தத்தைத் தோஹாவில் இருந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, வருகிற வழியில் பொற்கொடியையும் இழுத்துக்கொண்டுதான் ராசாத்தி இப்போது வந்து நின்றிருந்தார். கையில் போன். போனுக்குள் வீடியோவில் ரகுநாத். ஆத்திரத்தில் அம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் அவனுக்கு முக்கால்வாசி நேரம் மின்விசிறிதான் தெரிந்திருக்கும்.

"சொல்லுங்க டீச்சர். அடுத்தவன் வீட்டுக்குத் திரும்பி வாரேன்னு சொல்லுது. அவன் தட்டாம வாங்குறான். இதுதான் கிராமரா?"

"அந்த வீடே கெடையாதும்மா. அது கூரையில இருக்குற வீடு."

"கூரையிலயா?"

"மதினி, கொஞ்சம் பொறுங்க" என்றார் பொற்கொடி. "ஏய், வாயத் தொறந்து சொல்லேன்டி! என்னத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க?"

இளமதி எழுந்தாள். பஞ்சு இப்போது மிஸ்ஸின் தலைக்கு மேல் இருந்தது.

குழந்தைசாமி சாட்சிக்கு எழுந்தார். "அம்மா, நான் வயசானவன் சொல்றேன். இந்த ரூமுக்குள்ள சொல்றது அம்புட்டும் பொய்யி. போன வாரம் நான் இங்கன நின்னு ஒரு யானையத் தாளிச்சேன்."

"நீங்க என்ன வேணா தாளிங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்." ராசாத்தி போனை நேராகப் பிடித்தார். "எம் மகன் பாத்துக்கிட்டு இருக்கான். அவனக் கட்டிக்கிறதுல இஷ்டம்னு இந்தப் புள்ள தன் வாயால சொல்லட்டும். இங்கிலீஷ்லதானே கெட்டுச்சு, இங்கிலீஷ்லயே சொல்லட்டும். நான் பாட்டுக்கு இறங்கிப் போயிடுறேன்."

"அம்மா, அதெல்லாம் வேணாம்மா" என்று போனுக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இளமதி போனைப் பார்த்தாள். திரைக்குள் அவன் முகம், அதற்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் மலை மாதிரி. பிறகு எதற்கென்றே தெரியாமல் ஓரப் பெஞ்சைப் பார்த்தாள். எழிலரசன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் கண்கள் சொல்லித்தொலையேன் என்று கெஞ்சின. ஒரு வாக்கியம்தான். சொன்னால் மண்டபம் கைவிட்டுப் போகாது, அம்மா இன்றைக்குச் சாப்பிடுவார், எல்லாம் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மேரியிங் ரகுநாத்."

ரகுநாத்தைக் கட்டிக்கொள்ளும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். இந்த வகுப்பில் எல்லோரும் சறுக்கி விழுகிற இடம் அது. டு வந்தால் மேரி என்றுதான் எல்லார் நாக்கும் ஓடும். மேரியிங் என்று யாருக்கும் வராது. அவளுக்கு வந்தது. கண்ணாடி மேல் தண்ணீர் ஓடுகிற மாதிரி, ஒரு தட்டு இல்லாமல், ஒரு தடை இல்லாமல் வந்தது.

வந்துதான் தொலைத்தது.

"சுத்தப் பொய்!" என்றது வகுப்பு.

ஒருத்தரும் வேண்டுமென்று சொல்லவில்லை. மாதக்கணக்கில் பழகிய வாய், சரியான இலக்கணத்தைக் கேட்டதும் தானாகத் திறந்துகொண்டது. குழந்தைசாமியின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. மறுகணம் அவர் தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார். ஷர்லி மிஸ்கூடப் பாதி சொல்லிவிட்டு மீதியை விழுங்கியதாகத்தான் கேள்வி. கீழே பஞ்சு அடித்துக்கொண்டிருந்தவர், இன்றைக்கு ஒரே கத்தலோடு நின்றுவிட்டதே என்று கையை நிறுத்தி மேலே பார்த்தாராம்.

கத்தாதவர்கள் மூன்று பேர். அம்மாக்கள் இருவர். மூன்றாவது எழிலரசன்.

அந்த அமைதியில் இளமதிக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. எங்கேயோ தண்ணீருக்கு அடியில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அவ்வளவு நேராக வந்ததே.

"என்னடி இது? என்ன சொல்றாக எல்லாரும்?" ராசாத்தி பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார்.

"அது பாராட்டும்மா... இங்க அப்படித்தான்..." என்று மிஸ் ஆரம்பித்தார். தன் சட்டத்தைத் தானே விளக்கி முடித்தபோது அது இன்னும் மோசமாகியிருந்தது.

"அம்மா" என்றது போன். இந்த முறை குரல் ஓங்கியிருந்தது. "போன இளமதிகிட்டக் குடு. குடும்மான்னா!"

அவள் போனை வாங்கிக்கொண்டு வெளியே போய், மொட்டை மாடிக்கு ஏறும் படியில் உட்கார்ந்தாள். கீழே புதிதாகத் தைத்த மெத்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பஞ்சு தெரு முழுக்க மிதந்தது. சைக்கிள்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

"சாப்டியா?" என்றான் ரகுநாத். பழக்கதோஷம். இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது.

"இல்லங்க. நான் வந்து... நீங்க எந்தத் தப்பும்... இல்ல, அது அப்படி இல்ல. அந்த வீடெல்லாம் ஒண்ணும் இல்லங்க. அவங்ககூட நான் பேசுனதுகூட... ஆனா எனக்கு... எப்படிச் சொல்றது..."

பெட்டிகளுக்கு நடுவில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"டீச்சர் சொன்னாங்கள்ல, உண்மைன்னா தெணறும்னு."

"ம்."

"இத்தன மாசத்துல நீ எங்கிட்டத் தெணறுறது இதுதான் மொதத் தரம்" என்றான். கொஞ்ச நேரம் திரையில் பெட்டிகள் மட்டும் தெரிந்தன. "ஒரு நாளாவது நானும் தெணறிருக்கணும். சாப்டியா, சாப்டியான்னே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். சரி விடு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அழுவாத."

"அழுவலங்க."

"அப்ப சரி."

உள்ளே போய்ப் போனைக் கொடுத்தாள். ராசாத்தி அதைக் காதில் வைத்துக்கொண்டே, என்ன சொல்கிறாய், என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினார். பொற்கொடி பின்னாலேயே ஓடினார். பிரகதீஸ்வரி கைப்பையைத் தோளில் மாட்டி, முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டு, "அத்தை, பாத்து இறங்குங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனது.

வகுப்பு அன்றைக்கு அவ்வளவுதான்.

இளமதி கடைசியாக இறங்கினாள். மெத்தைக்கடை வாசலில் எழிலரசன் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகவா, நிற்கவா என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான்.

"உங்க... அது... தலையில..." கையால் காட்டினான். "பஞ்சு."

"தெரியும்" என்றாள். "அது... இருக்கட்டுமே."

தமிழில் அவர்கள் பேசிய முதல் பேச்சு இவ்வளவுதான். இதைச் சொல்வதற்குள் இரண்டு பேரும் பட்ட பாட்டை மெத்தைக்கடைக்காரர் இன்றும் நடித்துக் காட்டுவார்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். பொற்கொடி மகளோடு பேசாமல் இருந்தார். உப்புக் கேட்பதற்குக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். தைக்குப் பேசிய மண்டபம் வீணாகவில்லை. அதே தேதியில் ரகுநாத்துக்கும் பிரகதீஸ்வரிக்கும் அங்கேதான் நடந்தது. இடித்த ஜாதகம் எப்படி இடிக்காமல் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. முதலில் இருந்தே தனக்கு அண்ணன் மகள் மேல்தான் ஆசை என்று ராசாத்தி பந்தியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பிரகதீஸ்வரி தோஹாவில் இருக்கிறது. அங்கே அதன் இங்கிலீஷைக் கேட்டு நண்பர்களின் மனைவிமார் வாயடைத்துப் போயிருக்கிறார்களாம். ரகுநாத் வேலையிலிருந்து வந்தால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பதில்லையாம். வேறு என்னென்னவோ கேட்கிறானாம், திணறித் திணறி. பிரகதீஸ்வரியே ராசாத்தியிடம் சொல்லி வெட்கப்பட்டிருக்கிறது.

குழந்தைசாமி மெல்போர்ன் போய்விட்டார். கிளம்புகிற அன்று வகுப்புக்கு வந்து, எழுந்து நின்று, மனைவியைப் பற்றிய அந்தப் பழைய வாக்கியத்தைத் திக்கித் திக்கி முழுசாகச் சொல்லி முடித்தார். இலக்கணம் சரி. ஆனால் யாரும் கத்தவில்லை. அதற்குப் பிறகு ஷர்லி மிஸ் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார். இப்போது மாடியில் சரியாகச் சொன்னால் "வெரி குட்" மட்டும்தான். மணி ஆறு ஆனது கீழே தெரிவதில்லை.

இளமதிக்கும் எழிலரசனுக்கும் அடுத்த ஆவணியில் கல்யாணம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்த பாடு தனி. பொற்கொடி கடைசிவரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் அழுதார். கம்பெனி அவனை அன்னவாசல் பக்கம் மாற்றியதால் அங்கே ஒரு வீடு எடுத்துப் போய்விட்டார்கள். சித்தன்னவாசல் கூப்பிடு தூரம். குளத்தைப் பார்க்கப் போனீர்களா என்று கேட்டால், நேரம் எங்கே இருக்கிறது என்கிறார்களாம். சண்டை வந்தால் இங்கிலீஷில் போடுவதாக எதிர்வீட்டில் சொல்கிறார்கள். சமாதானம் தமிழில், அதற்கு ரொம்ப நேரம் ஆகிறதாம்.

வீடு பழைய காங்கிரீட் வீடு. போன ஐப்பசி மழையில் கூடத்துக் கூரையில் தண்ணீர் கசிந்து பெரிதாக ஒரு ஈரத் திட்டு விழுந்திருக்கிறது. ஓரத்தில் இலை மாதிரி நாலைந்து, நடுவில் தும்பிக்கை மாதிரி ஒன்று. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே ஆள் அனுப்பிப் பூசிவிடுவார். இதுவரை சொல்லவில்லையாம். மத்தியானத்தில் பாயை விரித்து இரண்டு பேரும் மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.